மும்பை சொசைட்டி வீடு: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செம்பூரில் 48 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் ஒன்பது வருடம் செகரெட்டரியாக இருந்தேன். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் யாராவது ஒருவர் மெயின்டனன்ஸ் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். எங்கள் கட்டடத்துக்காரர்கள் மட்டுமல்ல; மாட்டுங்கா, சயான், முலுண்ட், டோம்பிவிலியிலிருந்தும் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் போனில் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாம் மகாராஷ்டிரச் சட்டப்படி. பெங்களூருக்கும் சென்னைக்கும் பொருந்தாது.

காசு கொடுத்து வீட்டை வாங்கியது நான். நடுவில் சொசைட்டி எதற்கு?

வீட்டுக்குள் நான்கு சுவருக்கு நடுவே இருப்பது உங்களுடையது. ஆனால் உங்கள் வீட்டைத் தாங்கும் தூண், தலைக்கு மேல் மொட்டை மாடி, குழாயில் தண்ணீர் ஏற்றும் பம்ப், கட்டடம் நிற்கும் மண், இதெல்லாம் யாருடையது? 48 பேரும் தனித்தனியாகச் சொந்தம் கொண்டாடினால் ஒரு பம்ப்பைக்கூட மாற்ற முடியாது. அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அதன் பெயரில் நிலத்தையும் கட்டடத்தையும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர். உறுப்பினர் என்பதால் உங்கள் வீட்டில் குடியிருக்கவும் விற்கவும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. சொசைட்டி என்பது உங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ அல்ல, அது நீங்களும்தான். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ‘சொசைட்டிக்காரன் கேட்கிறான்’ என்றுதான் நம்மவர்கள் பேசுகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சென்னையில் இருக்கும் அசோசியேஷன் மாதிரிதானே?

இல்லை. ஊரிலிருந்து வருபவர்கள் குழம்பும் இடம் இதுதான். சென்னையில் ஃபிளாட் வாங்கினால் பத்திரத்திலேயே பிரிக்கப்படாத நிலப் பங்கு இத்தனை சதுர அடி என்று உங்கள் பெயரில் எழுதிவிடுவார்கள். அசோசியேஷன் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மும்பை சொசைட்டியில் நிலம் தனித்தனிப் பெயரில் வராது. முழுவதும் சொசைட்டியின் பெயருக்குப் போகும், அல்லது போக வேண்டும். ஆகவே சொசைட்டியின் காகிதம் சரியாக இல்லையென்றால் உங்கள் நிலமும் சரியாக இல்லை என்றே பொருள். சென்னை மாதிரி நிலத்தில் பங்கு பிரித்துக்கொள்ளும் முறைக்கு இங்கேயும் 1970-ஆம் ஆண்டின் அபார்ட்மென்ட் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனாலும் மும்பையில் நீங்கள் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை சொசைட்டிதான்.

இந்த ஏற்பாடு எப்போது வந்தது?

நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1904-இல் வந்த கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தது. 1912-இல் சட்டத்தை விரிவாக்கினார்கள். 1915-இல் காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுச் சங்கம் தொடங்கியது. ராவ் பகதூர் எஸ். எஸ். தல்மகி முன்னின்று நடத்தினார். வேலைக்காக இந்த ஊருக்கு வந்து வாடகை கொடுத்து மாளாத குடும்பங்கள் சேர்ந்து செய்த காரியம் அது. இன்று நடைமுறையில் இருப்பது 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். 2019-இல் வீட்டுச் சங்கங்களுக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தார்கள்.

சொசைட்டியைத் தொடங்குவது யார் பொறுப்பு?

பில்டர் பொறுப்பு. 1963-ஆம் ஆண்டின் ஃபிளாட் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, இப்போதைய ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதியும் அதைத்தான் சொல்கிறது. பாதிக்கு மேல், அதாவது 51 சதவீத வீடுகள் புக் ஆன மூன்று மாதத்துக்குள் அவர் ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாமல் இழுத்தடித்தால் வாங்கியவர்களே சேர்ந்து கூட்டுறவுத் துறை ரெஜிஸ்ட்ராரிடம் விண்ணப்பிக்கலாம். முன்பு பத்துப் பேர் வேண்டும். இப்போது அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை, வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர்.

ஷேர் சர்டிபிகேட் என்று ஏதோ கொடுத்தார்கள். பத்திரமாக வைக்க வேண்டுமா?

தங்கத்தோடு சேர்த்து வையுங்கள். பார்ப்பதற்கு அது ஒரு பழைய பள்ளிச் சான்றிதழ் மாதிரி இருக்கும். கெட்டித் தாள், ஓரத்தில் கொடி வேலைப்பாடு, நடுவில் உங்கள் பெயர், கீழே சேர்மன், செகரெட்டரி, கமிட்டி உறுப்பினர் என மூன்று கையெழுத்து, சொசைட்டியின் முத்திரை. தலா 50 ரூபாய் மதிப்பில் பத்துப் பங்கு, ஆக 500 ரூபாய். அந்த 500 ரூபாய்க் காகிதத்தின் பின்னால்தான் கோடிக்கணக்கான மதிப்புள்ள வீடு நிற்கிறது. திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கட்டம் போட்டிருக்கும். வீடு கைமாறும்போதெல்லாம் பழைய பெயரும் புதிய பெயரும் தேதியும் அங்கே ஏறும். எங்கள் கட்டடத்தில் ஒரு சர்டிபிகேட்டில் 1974 முதல் நான்கு பெயர்கள் வரிசையாக, நான்கு விதமான மையில் இருக்கின்றன. வாங்கும்போது பில்டரிடமிருந்து வந்த அக்ரிமென்ட்டை மட்டும் பார்க்காமல் இந்தப் பின்பக்கத்தையும் பாருங்கள். கடைசிப் பெயர் உங்களுக்கு விற்பவரின் பெயராக இருக்க வேண்டும்.

யார் முடிவெடுக்கிறார்கள்? சேர்மன் சொன்னால் சொன்னதா?

இல்லவே இல்லை. ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. மூன்று வீடு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான், ஒற்றை அறை வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான். கணவன் மனைவி பெயரில் சேர்ந்து இருந்தால் முதலில் இருக்கும் பெயருக்கு ஓட்டு. அவர் வராவிட்டால் அடுத்த பெயர். கமிட்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். பெண்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கீடு உண்டு. 250 உறுப்பினர் வரை உள்ள சொசைட்டிகள் தங்கள் தேர்தலைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம். கமிட்டி அன்றாட வேலையைப் பார்க்கும். கணக்கை ஏற்பது, பெரிய செலவுக்கு ஒப்புதல் கொடுப்பது, ஆடிட்டரை நியமிப்பது எல்லாம் பொதுக்குழுவின் கையில். வருடாந்திரக் கூட்டத்தை செப்டம்பர் 30-க்குள் நடத்தியாக வேண்டும்.

மெயின்டனன்ஸ் பில்லில் இத்தனை தலைப்பு இருக்கிறதே, எதற்கு எவ்வளவு என்று எப்படிச் சரிபார்ப்பது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் சண்டைகள் தொடங்குவது இங்கேதான்.

முதலில் சர்வீஸ் சார்ஜ். வாட்ச்மேன் சம்பளம், துப்புரவு, பொது இடத்து மின்சாரம், அலுவலகச் செலவு, ஆடிட் கட்டணம் போன்றவை. மாதிரி பைலா, அதாவது சொசைட்டிகளுக்காக அரசு வகுத்த மாதிரி விதிகள், இதை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது. உங்கள் வீடு 450 சதுர அடி, எதிர் வீடு 900 என்றாலும் வாட்ச்மேன் இருவருக்கும் ஒரே கதவைத்தான் காக்கிறார். ‘பெரிய வீட்டுக்காரன் அதிகம் கொடுக்கட்டும்’ என்று சிலர் கேட்பார்கள். பைலா அப்படிச் சொல்லவில்லை.

தண்ணீர்க் கட்டணம் சதுர அடியை வைத்து அல்ல, உங்கள் வீட்டுக்குள் வரும் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் வைத்து. சொத்து வரி மாநகராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கிட்டபடி.

அப்புறம் இரண்டு ஃபண்ட். ஸிங்கிங் ஃபண்ட், அதாவது பிற்காலத்தில் கட்டடத்தைப் பெரிதாகப் பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ சேர்க்கும் பணம், வருடத்துக்கு உங்கள் வீட்டின் கட்டுமானச் செலவில் குறைந்தது 0.25 சதவீதம். ரிப்பேர் ஃபண்ட், வருடத்துக்கு 0.75 சதவீதம். கவனியுங்கள், நீங்கள் வாங்கிய விலையில் அல்ல, கட்டுமானச் செலவில். நிலத்தின் விலை இதில் சேராது. உங்கள் வீட்டின் கட்டுமானச் செலவு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஸிங்கிங் ஃபண்ட் வருடத்துக்கு 3,000, மாதம் 250. ரிப்பேர் ஃபண்ட் வருடத்துக்கு 9,000, மாதம் 750. உங்கள் பில்லில் இதைவிட மிக அதிகமாக இருந்தால் எந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி என்று கேளுங்கள். மிகக் குறைவாக இருந்தால் அதைவிடக் கவலைப்படுங்கள். எங்கள் கட்டடத்தில் பல வருடம் ‘பில் கம்மியாக வரட்டும்’ என்று ஃபண்டை வளர்க்காமலே விட்டார்கள். தூணில் கம்பி துருப்பிடித்து காங்கிரீட் பெயர்ந்து விழுந்த வருடம், வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ஒரே தவணையில் கட்ட வேண்டியிருந்தது. பென்ஷனில் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவன் என்ற முறையில் அதை என்னால் மறக்க முடியவில்லை.

பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் கவனியுங்கள்: ஒரு வீட்டின் மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சொசைட்டியின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் அது வரும். 18 சதவீதம்.

நான் தரைத்தளம். லிஃப்டுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

பைலா அப்படித்தான். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் உள்ள எல்லோரும் சமமாகக் கொடுக்க வேண்டும், ஏறினாலும் ஏறாவிட்டாலும். மொட்டை மாடியின் வாட்டர்புரூஃபிங் செலவை மேல்மாடிக்காரர் மட்டும் ஏற்பதில்லையே, அது போலத்தான்.

மேல் வீட்டிலிருந்து ஒழுகுகிறது. யார் சரி செய்ய வேண்டும்?

ஜூன் பிறந்தால் எனக்கு இந்தப் போன் வர ஆரம்பித்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மொட்டை மாடி, வெளிச்சுவர், மழைநீர், வெளியே ஓடும் பொதுக் குழாய், சாக்கடைக் குழாய் என்றால் சொசைட்டி தன் செலவில் செய்ய வேண்டும். மேல்வீட்டுக் குளியலறைத் தரை, அவர்கள் வீட்டுக்குள் இருக்கும் குழாய் என்றால் அது அந்த வீட்டுக்காரரின் வேலை. வாய்ப்பேச்சு வேண்டாம். செகரெட்டரிக்குக் கடிதம் எழுதி, நகலில் முத்திரையோடு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எளிய சோதனை உண்டு: மேல்வீட்டில் இரண்டு நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கூரையில் ஈரம் காய்ந்தால் காரணம் அங்கேதான். வெயில் நாளில் காய்ந்து மழைநாளில் ஊறினால் சுவர் அல்லது மாடி.

வீட்டை வாடகைக்கு விட சொசைட்டி அனுமதி வேண்டுமா?

அனுமதி வேண்டாம், தகவல் கொடுத்தால் போதும். லீவ் அண்ட் லைசென்ஸ் என்ற வாடகை அக்ரிமென்ட்டின் நகலையும் போலீஸில் தகவல் கொடுத்ததற்கான தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வாடகைக்கு விட்டால் நான்-ஆக்குபன்ஸி என்று ஒரு தொகை வரும். அது சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் 2,000 என்றால் 200. அவ்வளவுதான். முழு பில் தொகைக்கும் 10 சதவீதம் போட்டு அனுப்பும் சொசைட்டிகளைப் பார்த்திருக்கிறேன். சொத்து வரியை அதில் சேர்க்கக் கூடாது. மகனோ மகளோ பெற்றோரோ குடியிருந்தால் இந்தத் தொகையே கிடையாது.

வாடகைக்குக் குடியிருக்கும் எங்களுக்கு இதில் என்ன?

ஓட்டு இல்லை. ஆனால் லிஃப்ட், தண்ணீர், படிக்கட்டு எல்லாம் மற்றவர்களைப் போலவே உங்களுக்கும் உண்டு. சைவம் அசைவம் கேட்டு வீடு மறுக்கிறார்கள் என்று பலர் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வாடகைக்காரரைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரர். சமையலறையைப் பார்த்து வாடகையைத் தடுக்கும் அதிகாரத்தை மாதிரி பைலா கமிட்டிக்குக் கொடுக்கவில்லை.

வீட்டை விற்கும்போது ‘டொனேஷன்’ என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். வீடு கைமாறும்போது சொசைட்டி வாங்கும் டிரான்ஸ்ஃபர் பிரீமியம், மாநகராட்சிப் பகுதியில் அதிகபட்சம் 25,000 ரூபாய். இது 2001-ஆம் ஆண்டு அரசு வகுத்த வரம்பு. இதோடு டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் 500, சேர்க்கைக் கட்டணம் 100. குடும்பத்துக்குள் மாற்றினாலோ வாரிசுக்குப் போனாலோ பிரீமியமே கிடையாது. ‘பெயிண்டிங் ஃபண்டுக்கு’, ‘கணபதிக்கு’ என்று விருப்ப நன்கொடை மாதிரி கேட்பார்கள். விருப்பமிருந்தால் கொடுங்கள், கொடுக்காததற்காக உங்கள் டிரான்ஸ்ஃபரை நிறுத்தி வைக்க முடியாது.

பார்க்கிங் இடத்தை பில்டர் தனியாக விற்றிருக்கிறாரே?

கட்டடத்துக்கு அடியில் இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கையும் திறந்தவெளி இடத்தையும் பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மும்பையைச் சேர்ந்த பஞ்சாலி சொசைட்டி வழக்கில் வந்த தீர்ப்பு அது. அந்த இடங்கள் சொசைட்டியுடையவை. இடம் குறைவாக, வண்டி அதிகமாக இருந்தால் வருடா வருடம் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள்.

பாக்கி வைத்தால் என்ன ஆகும்?

வட்டி வருடத்துக்கு 21 சதவீதம் வரை போடலாம், தனி வட்டி மட்டும். அதற்கும் அசையாவிட்டால் சொசைட்டி ரெஜிஸ்ட்ராரிடம் வசூல் சான்றிதழ் வாங்கி, நில வரி பாக்கி போல வசூலிக்க முடியும். தண்ணீரை நிறுத்துவது, லிஃப்டில் ஏறாமல் தடுப்பது, பெயரை நோட்டீஸ் போர்டில் போட்டு அவமானப்படுத்துவது போன்றவற்றில் கமிட்டி இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வேலை போய்விட்ட வீடாக இருக்கலாம். கூப்பிட்டுப் பேசினால் தவணைக்கு ஒப்புக்கொள்வார்கள். நான் இருந்தவரை ஏழு பேரிடம் அப்படித்தான் வசூலித்தோம், ஒருவர்கூட ஏமாற்றவில்லை.

கன்வேயன்ஸ் என்கிறார்களே, அது என்ன? எங்கள் பில்டர் கொடுக்கவே இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கன்வேயன்ஸ் என்பது நிலத்தையும் கட்டடத்தையும் சொசைட்டியின் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். சொசைட்டி பதிவான நான்கு மாதத்துக்குள் பில்டர் கொடுக்க வேண்டும் என்று 1963 சட்டத்தின் விதி சொல்கிறது. நடைமுறையில் இருபது, முப்பது வருடம் ஆகியும் கொடுக்காத கட்டடங்கள் இந்த ஊரில் ஏராளம். எல்லோரும் குடியேறிவிட்டோம், வரி கட்டுகிறோம், யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கன்வேயன்ஸ் இல்லாதவரை நிலம் பழைய உரிமையாளர் பெயரிலோ பில்டர் பெயரிலோதான் நிற்கிறது. பின்னால் அந்த இடத்தில் கூடுதலாகக் கட்ட அரசு அனுமதித்தால், அந்தக் கூடுதல் எஃப்எஸ்ஐ, அதாவது கட்ட அனுமதிக்கும் பரப்பு, தனக்குத்தான் என்று அவர் வந்து நிற்பார். கட்டடம் பழசாகி மறுபடி கட்டப் போகும் நாளில்தான் இது தெரியவரும்.

வழி இருக்கிறது. பில்டர் கையெழுத்துப் போட மறுத்தாலும், ஊரை விட்டே போயிருந்தாலும், ‘டீம்டு கன்வேயன்ஸ்’ வாங்கலாம். 2008-இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த ஏற்பாடு. மாவட்ட டெபுடி ரெஜிஸ்ட்ராரிடம் சொசைட்டி விண்ணப்பிக்க வேண்டும். அவர் பில்டருக்கு நோட்டீஸ் அனுப்பி, விசாரித்து, உத்தரவும் சான்றிதழும் கொடுப்பார். பில்டரின் கையெழுத்து இல்லாமலே பத்திரம் பதிவாகும். எங்களுக்கு அலைச்சல் இரண்டு வருடம் பிடித்தது. பழைய அக்ரிமென்ட்டுகள், ஒப்புதல் பெற்ற பிளான், நிலம் யார் பெயரில் என்று காட்டும் ப்ராப்பர்ட்டி கார்டு, உறுப்பினர் பட்டியல் என்று ஒரு சூட்கேஸ் நிறையக் காகிதம். நிலம் சொசைட்டியின் பெயருக்கு மாறிய ப்ராப்பர்ட்டி கார்டு வந்த அன்று, முதல் மாடியில் இருக்கும் 81 வயதுப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் சொசைட்டியின் பெயரை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தார்.

ரீடெவலப்மென்ட்டுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதுதான் ரீடெவலப்மென்ட். அதற்கு எல்லோரும் வேண்டாம். 2009-இல் அரசு கொடுத்த வழிகாட்டுதலில் முக்கால் பங்கு என்று இருந்தது. 2019-இல் திருத்திய உத்தரவுப்படி, சிறப்புப் பொதுக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும். டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலிருந்து அதிகாரி வருவார், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். டெவலப்பர் திட்டச் செலவில் 20 சதவீதத்துக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது.

நான் பார்த்த இடங்களில் சதுர அடிப் பேரம்தான் எல்லோர் கண்ணையும் மறைக்கிறது. ‘அவன் 35 சதவீதம் அதிகம் தருகிறானாம்’ என்று கேட்டதும் கை தூக்கிவிடுகிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. கட்டடம் நடுவில் நின்றுபோனால் வாடகை யார் தருவார்கள்? உங்கள் பெயரில் மாற்று வீட்டுக்கான ஒப்பந்தத்தை, காலி செய்வதற்கு முன்பே பதிவு செய்து தருவார்களா? வங்கி உத்தரவாதம் எங்கே? புதிய கட்டடத்தில் மெயின்டனன்ஸ் எவ்வளவு வரும்? நீச்சல் குளமும் மூன்று லிஃப்டும் வந்த பிறகு பில் மூன்று மடங்காகி, வேறு வழியில்லாமல் விற்றுவிட்டு டோம்பிவிலிக்குப் போன குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

டெவலப்பர் இல்லாமல் சொசைட்டியே கட்டிக்கொள்ளும் வழியும் உண்டு. 2019-இல் அரசு இதற்கெனச் சலுகைகள் அறிவித்தது. மும்பை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி கடன் கொடுக்கிறது. ஆர்க்கிடெக்டும் காண்ட்ராக்டரும் நமக்கு வேலை செய்பவர்கள், லாபம் நமக்கு. ஆனால் கமிட்டியில் நேரமும் நேர்மையும் உள்ள நான்கு பேராவது வேண்டும்.

கட்டடம் பழசு, ஆனால் நன்றாகத்தானே நிற்கிறது. ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அவசியமா?

கட்டடத்தின் வலிமையை என்ஜினீயர் சோதிக்கும் இந்த ஆடிட், 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டப்படி கட்டாயம். மாதிரி பைலா இன்னும் முன்பே கேட்கிறது: 15 முதல் 30 வருடம் வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

நாங்கள் எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வுத் திட்டம்) கட்டடத்தில் இருக்கிறோம். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் குடிசையிலிருந்து எஸ்ஆர்ஏ கட்டடத்துக்கு மாறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. முதலில் 225 சதுர அடி கொடுத்தார்கள், பிறகு 269, இப்போது 300. வீடு இலவசம், ஆனால் அதன் பிறகு கட்டடத்தை நடத்துவது அங்கே குடியிருப்பவர்களின் சொசைட்டிதான். குடிசையில் மெயின்டனன்ஸ் என்று ஒன்று இருந்ததில்லை. இங்கே லிஃப்ட் இருக்கிறது, பம்ப் இருக்கிறது, மாதம் பில் வருகிறது. பாதிப்பேர் கட்டாவிட்டால் லிஃப்ட் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி ஏழாவது மாடியில் இருக்கிறார், இட்லி விற்பவர். லிஃப்ட் நின்றிருந்த நான்கு மாதம் காலையில் இறங்கினால் இரவுதான் ஏறுவார். மாவுப் பாத்திரத்தைக் கீழே டீக்கடையில் வைத்துவிட்டு வருவார். எஸ்ஆர்ஏ கட்டடத்தில் கமிட்டிக் கணக்கை மாதாமாதம் கீழே சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கண்ணால் பார்த்தால் ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லைக்கு நமக்கு என்னதான் நன்மை?

பேரம் பேசும் பலம் ஒன்று. 48 வீட்டுக்கும் சேர்த்து லிஃப்ட் ஒப்பந்தம் போடும்போது ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு தனி வீட்டுக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத அளவு குறைவு. கோர்ட்டில் நிற்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் தனியாக பில்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வங்கிக்காரர்கள் சொசைட்டியின் காகிதத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல நினைப்பது வேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எங்கள் தரைத்தள வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அந்த ஆறு குடும்பங்களும் அன்றிரவு மேல்மாடிகளில் தூங்கின. குஜராத்தி வீட்டில் கிச்சடி, எங்கள் வீட்டில் ரசம் சாதம், மூன்றாவது மாடி மராத்திக்காரம்மா இரவு முழுவதும் டீ போட்டார். 2020 லாக்டவுனில் காய்கறி வண்டியை வாசலுக்கு வரவழைத்து, தனியாக இருக்கும் முதியவர்களின் கதவருகே பை வைத்துவிட்டு வந்தோம். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் வருடம் முழுக்கக் கூட்டத்தில் சண்டை போட்டாவது முகம் பார்த்துக்கொண்டோம்.

நாமினேஷன் கொடுத்துவிட்டால் வீடு அவர்களுக்குப் போய்விடுமா?

போகாது. நாமினி வாரிசுகளுக்காக அதை வைத்திருப்பவர். சொந்தக்காரர் யார் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ தீர்மானிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, வாரிசுகள் காகிதம் கொண்டுவரும் வரை நாமினியைத் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் நாமினேஷன் படிவமும் வேண்டும், உயிலும் வேண்டும்.

எங்கள் இரண்டாவது மாடி மாமியின் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார். வீடு அவர் பெயரில் மட்டும். நாமினேஷன் இல்லை, உயில் இல்லை. ஒரு பிள்ளை அமெரிக்காவில், ஒரு பெண் கோயம்புத்தூரில். இருவரும் அம்மாவுக்கே என்று மனதார விட்டுக்கொடுத்தும் சர்டிபிகேட்டில் அவர் பெயர் ஏற 14 மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பில்லும் இறந்தவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. மாமி அதைப் பிரிக்காமல் சாமி அலமாரியில் வைத்துவிடுவார், நான் போய் எடுத்து வருவேன். படிவம் ஒரே பக்கம்தான். செகரெட்டரியிடம் கேளுங்கள், இரண்டு சாட்சிக் கையெழுத்து போதும். கொடுத்ததற்கு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிட்டியே தப்பு செய்தால் யாரிடம் போவது?

முதலில் எழுத்தில் கமிட்டிக்கு. கணக்கையும் கூட்டக் குறிப்பையும் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பணம் கட்டினால் நகலும் தர வேண்டும். தரவில்லை என்றால் உங்கள் வார்டு டெபுடி ரெஜிஸ்ட்ராரிடம் புகார். உறுப்பினருக்கும் சொசைட்டிக்கும் நடுவே வரும் வழக்குகளுக்குத் தனியாகக் கூட்டுறவு நீதிமன்றம் இருக்கிறது.

எனக்கு மராத்தி சரியாக வராது. கூட்டத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறேன்?

நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அடுத்தது, ‘நமக்கெதுக்கு வம்பு’. வருடாந்திரக் கூட்டத்துக்கு 14 நாள் முன்பே நோட்டீஸும் கணக்கும் வந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். எண்களுக்கு மொழி கிடையாது. போன வருடத்தையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது திடீரென்று ஏறியிருக்கிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் அங்கே எழுந்து நின்று சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்கள் கட்டடத்தில் இருந்தார். 20 வருடமாகக் கூட்டத்துக்கே வராதவர். ஒரு வருடம் கையில் கோடு போட்ட தாளோடு வந்து, கடைசி வரிசையிலிருந்து, ‘டேங்கர் கா பில் திகாவோ’ என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த இந்தி. ஃபைலை எடுத்துக் காட்டினேன். அவர் விரலை வைத்த இடத்தில், நாளுக்கு ஒரு டேங்கர் என்ற கணக்கில், பிப்ரவரி மாதத்துக்கு 31 டேங்கர் என்று இருந்தது. நானும் பார்க்கவில்லை, ஆடிட்டரும் பார்க்கவில்லை. தண்ணீர்க்காரர் அடுத்த மாதமே மூன்று டேங்கர் பணத்தைக் கழித்துக்கொடுத்தார். அடுத்த தேர்தலில் அந்த அண்ணாச்சியை எல்லோரும் சேர்ந்து டிரெஷரர் ஆக்கினோம்.